பல்கா வைக்க ஆசையா? சின்னதாக வாங்குங்கள்

பெர்த்தில் புதிதாக வீடு கட்டியவர்கள் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்தால், உள்ளே நுழைவதற்கு முன்பே வாசலில் இருக்கும் பல்காச் செடியின் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். "இது எங்கே கிடைக்கும்? இதையே நல்ல உயரமா, அடிமரத்தோட வாங்கி வெச்சா உடனே அழகா இருக்குமே?" என்று கேட்பார்கள். எல்லோருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். உயரமானது வேண்டாம், அடிமரமே இல்லாத சின்னக் கன்றாக வாங்குங்கள். ஏன் என்பதை வாசலில் நின்று கொண்டு முழுசாகச் சொல்லிவிட முடிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பல்கா என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் வழங்கும் பெயர். பெர்த்தின் வடக்கே ஒரு புறநகருக்கே அந்தப் பெயர்தான். பொதுவாக கிராஸ் ட்ரீ என்பார்கள். தாவரவியல் பெயர் சாந்தோரியா பிரெய்ஸி. 1838 முதல் 1842 வரை மேற்கு ஆஸ்திரேலியாவில் செடிகொடிகளைச் சேகரித்த லுட்விக் பிரெய்ஸ் என்ற ஜெர்மானியரின் நினைவாக வைத்தது. சாந்தோரியாவில் ஏறக்குறைய முப்பது வகைகள் உண்டு. அத்தனையும் ஆஸ்திரேலியாவுக்கு மட்டுமே உரியவை. சிட்னி, மெல்பன், அடிலெய்டு பக்கம் வேறு வேறு வகைகள் இருக்கின்றன. பெர்த்தின் மணல்வெளியிலும் டார்லிங் மலைத்தொடரின் சரளை மண்ணிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் பிரெய்ஸி. பார்வைக்குப் புல் மாதிரி இருந்தாலும் உறவுமுறை கற்றாழையோடு. இரண்டும் ஒரே குடும்பம்.

வளர்ச்சி எப்படி என்றால், அடிமரம் ஆண்டுக்கு 1 செ.மீ. ஏறும். இடம் நன்றாக அமைந்தால் 2 செ.மீ. ஏறலாம். அதாவது இடுப்பு உயரத்துக்கு அடிமரம் உள்ள பல்காவுக்கு ஐம்பதிலிருந்து நூறு வயது இருக்கும். இரண்டு, மூன்று மீட்டர் உயர பல்கா என்றால், 1829இல் பெர்த் நகரம் தொடங்கியபோதே அது முளைத்திருக்கக் கூடும். நாம் அடிமரம் என்று சொல்வதன் வெளிப்பகுதி முழுக்கப் பழைய இலைகளின் அடிக்கட்டைகள். இலை காய்ந்து போன பிறகும் அதன் அடி அப்படியே தண்டோடு நின்று, பிசினால் ஒன்றோடொன்று இறுகி, கவசம் போல ஆகிவிடுகிறது. உள்ளே இருக்கும் தண்டில் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டு விஷயத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பல்காவை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இதில்தான் இருக்கிறது.

விற்பனைக்கு வரும் உயரமான பல்கா எந்த நர்சரியிலும் விதையிலிருந்து வளர்க்கப்பட்டதல்ல. வயதைக் கணக்குப் போட்டாலே அது தெரிந்துவிடும். புதுப் புறநகருக்கோ சாலைக்கோ புஷ்ஷை, அதாவது இயற்கையாக வளர்ந்த காட்டை, அழிக்கும் இடத்தில் தோண்டி எடுத்து, பெரிய தொட்டியில் வைத்து, அடிமர உயரத்தைப் பார்த்து விலை போட்டு விற்கிறார்கள். சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். முறையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புல்டோசர் தள்ளிக் குவித்து எரிப்பதைவிட எடுத்து நடுவது மேல். ஆனால் இது சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள தாவரம். 2016ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் எடுக்கவோ விற்கவோ கூடாது. எங்கிருந்து வந்தது, உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். சரியாகப் பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

சட்டம் ஒரு பக்கம். செடியின் பிரச்சினை வேர். நூறு வருஷம் ஓர் இடத்தில் மணலுக்குள் இறங்கிப் பரவிய வேரை வாளியின் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, மேலே இருக்கும் ஆயிரக்கணக்கான இலைகளுக்கு அதுவே தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றால் எப்படி? புது வேர் விடுவதற்குள் தண்டில் இருக்கிற மாவுச்சத்து கரைந்துகொண்டே வருகிறது. கொடுமை என்னவென்றால், அது கரைந்து முடியும்வரை செடி பச்சையாகவே இருக்கும்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் ஒன்று வாங்கினார். லாரியில் கிரேன் வைத்து இறக்கினார்கள். அவர் தோளளவு இருந்தது. தெருவே வந்து பார்த்தது. முதல் குளிர்காலம் முழுக்கப் பச்சை. அடுத்த கோடையிலும் பச்சைதான். அதற்கடுத்த குளிரில் இலைகளின் பளபளப்பு மட்டும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் அவர் கூப்பிட்டார். நான் போய் நடுக் குருத்தை மெல்லப் பிடித்து இழுத்தேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஒரு கொத்து அப்படியே கையோடு வந்தது. நல்ல செடியில் குருத்தின் அடி வெள்ளையாக, உறுதியாக இருக்கும். இழுத்தால் இலை முறியுமே தவிர வராது. இதில் அடி பழுப்பாகிக் கொழகொழத்து, புளித்த வாடை அடித்தது. வெளி இலைகள் அப்போதும் பச்சையாக நின்றன. அவர் ஒன்றும் பேசவில்லை. விலை போனதைவிட, அவ்வளவு வயதான ஒன்று தன் வீட்டு வாசலில் போனதுதான் அவருக்கு உறுத்தியது என்று பிறகு சொன்னார். எனக்கும் அப்படித்தான்.

இடம் மாற்றிய பல்கா எல்லாமே சாகும் என்று சொல்லவில்லை. பெரிய மண்கட்டியோடு எடுத்து, முதல் ஒன்றிரண்டு வருஷம் விடாமல் தண்ணீர் கொடுத்தால் பிழைப்பவை உண்டு. ஆனால் அந்தக் கவலையோடு காலம் தள்ளுவதற்கு, ஒரு சின்னத் தொட்டிக் கன்று போதும். அது தன் வேரைத் தானே, நம் மண்ணிலேயே இறக்கிக்கொள்கிறது. நட்ட முதல் இரண்டு கோடை தாண்டிவிட்டால் அது நம்மைக் கேட்பதே இல்லை.

எங்கள் வீட்டு பல்கா அப்படி வந்ததுதான். நர்சரியில் ஒரு மூலையில், புல்கட்டு மாதிரி நான்கைந்து தொட்டிகள் இருந்தன. இரண்டு பேர் காபி குடிக்கும் காசுக்குக் கொஞ்சம் மேலே விலை. நட்ட அந்த வருஷக் கடைசியில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தவர், செடியைப் பார்த்தாலே அதன் வேர் எவ்வளவு ஆழம் என்று யோசிக்கிறவர். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஓர் இலையை விரலுக்கிடையில் உருட்டினார்.

"ஏம்மா, இது உருளுதே. புல்லுன்னா தட்டையால்ல இருக்கணும்?"

உண்மைதான். பல்கா இலை தட்டை கிடையாது. குறுக்கே முறித்துப் பார்த்தால் சின்ன வைரக்கட்டம் போல நான்கு மூலை தெரியும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் தடிமன். வளைத்தால் ஓரளவு வளையும், அதற்கு மேல் 'டக்'கென்று முறிந்துவிடும். அதனால்தான் மழை பெய்தால் இலை நெடுகிலும் நீர் வழிந்து குருத்தின் பக்கமும் ஓரங்களிலும் சொட்டுகிறது, காற்றில் மொத்தக் குடுமியும் சரசரக்கிறது.

"எப்பம்மா மரமாகும்?" என்றார். அடிமரம் கண்ணுக்குத் தெரியவே பத்து, இருபது வருஷம் ஆகலாம், ஓர் ஆள் உயரம் வர நூறு வருஷத்துக்கு மேல் என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "தென்னைய வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனைய வச்சவன் பாத்துட்டுச் சாவான்னு சொல்றதில்லையா, இதையும் அந்தக் கணக்குலதான் வச்சிருக்க" என்றார். அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது: "வடலியா இருக்கையில இதுவும் கீழதான் போகுமா?"

பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் பூமிக்குள்தான் இறங்கும், கிழங்கு வைக்கும். வருஷக்கணக்கில் வெறும் ஓலைக்கொத்தாக வடலியாய் நின்றுவிட்டுத்தான் மரம் மேலே வரும். பல்காவும் அதையேதான் செய்கிறது. முளைத்த கன்றின் தண்டு ஆரம்பத்தில் மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது. சுருங்கும் தன்மையுள்ள வேர்கள் அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொள்கின்றன. வளரும் முனை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்போது மேலே தீ ஓடினாலும், கங்காரு மேய்ந்தாலும் மறுபடி இலை விட முடியும். ஆகவே "வாங்கி வெச்சு மூணு வருஷமாச்சு, அப்படியேதான் இருக்கு" என்கிறவர்களிடம் நான் சொல்வது, அது அப்படியே இல்லை, நமக்குத் தெரியாத பக்கம் வேலை நடக்கிறது என்பதே. மேலேயும் பார்க்கத் தெரிந்தால் மாற்றம் தெரியும். இலை ஒவ்வொரு வருஷமும் நீள்கிறது, கொத்து அகலமாகிறது. முழங்கால் உயரக் கொத்து ஐந்தாறு வருஷத்தில் நீரூற்று மாதிரி நாலு பக்கமும் வளைந்து விரியும். அலங்காரத்துக்கு என்று வைப்பவர்களுக்கு அந்த அழகே போதும் என்பது என் எண்ணம். அடிமரத்துக்காக ஏங்கத் தேவையில்லை.

சரி, நடுவது எப்படி.

காலம் முக்கியம். நூங்கார் மக்களுக்கு ஆண்டில் ஆறு பருவம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மாதம். நம் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் போலவே ஆறு. அதனால் எனக்கு இந்த ஊரின் காலக்கணக்கு சீக்கிரம் மனசில் ஒட்டிக்கொண்டது. அதில் ஜெரான் என்பது ஏப்ரல், மே. வெயில் தணிந்து, இரவு குளிர்ந்து, மண்ணில் மட்டும் இன்னும் சூடு இருக்கும் நேரம். அடுத்து வருவது மக்குரு, ஜூன், ஜூலை மழை. ஜெரான் கடைசியில் நட்டுவிட்டால் மக்குரு மழை வேருக்குத் தானே ஊட்டிவிடும். அக்டோபர், நவம்பரில் ஆசைப்பட்டு நட்டால் அடுத்த மாதமே கோடையில் மாட்டும்.

இடம் முழு வெயில். அரை நிழலிலும் உயிரோடு இருக்கும், ஆனால் இலை நீண்டு தளர்ந்து தொங்கும். மண்ணைப் பற்றிப் பெர்த்துக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மற்ற எல்லாச் செடிக்கும் நாம் திட்டித் தீர்க்கும் இந்த மணல்தான் பல்காவின் சொந்த மண். உரமூட்டை உரமூட்டையாகக் கொட்டி வளமாக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். நம் மணல் கோடையில் காய்ந்தால், மணல்துகள்மேல் மெழுகு போலப் படிந்த மக்கு தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றினால் மேலேயே முத்து முத்தாக உருண்டு ஓடும். நடும் குழியைச் சுற்றி, தண்ணீரை மணலுக்குள் இறங்க வைக்கும் வெட்டிங் ஏஜென்ட் கலந்து நனைத்துவிட்டு நடுங்கள். களிமண் உள்ள ஸ்வான் பள்ளத்தாக்குப் பக்கம் வீடு என்றால் மண்ணை மேடாக்கி அதன்மேல் நட வேண்டும். தண்ணீர் தேங்குவதை இது பொறுக்காது.

தொட்டியிலிருந்து எடுக்கும்போது வேரைப் பிரித்துவிடக் கூடாது. வேறு செடிகளுக்குச் சுற்றிய வேரைக் கோதி விடுவோம் இல்லையா, இங்கே அது வேண்டாம். மண்கட்டி உடையாமல் அப்படியே இறக்க வேண்டும். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம். குருத்துக்குள் மண் விழக் கூடாது. மூடாக்குக்கு நான் சரளைக்கல் போட்டிருக்கிறேன். மரச்சில்லு போடுவதானால் செடியின் கழுத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். உரம் போட்டே தீருவேன் என்றால், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவான, உள்நாட்டுச் செடிகளுக்கென்றே விற்கும் மெதுவாகக் கரையும் உரத்தில் ஒரு சிட்டிகை, வசந்தத்தில். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் வேர்ப்பக்கத்து நுண்ணுயிர்கள் பெருகும் என்று இங்கே பலர் ஊற்றுகிறார்கள். நான் ஊற்றுவதில்லை. மணலில் நன்றாக இருக்கும் செடிக்கு அது எதற்கு என்று படுகிறது.

தண்ணீர் விஷயத்தில் பெர்த்தின் கட்டுப்பாடும் பல்காவின் குணமும் ஒத்துப் போகின்றன. இங்கே ஸ்பிரிங்க்ளர் வாரத்துக்கு இரண்டு நாள்தான், வீட்டு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை முழுதும் நிறுத்தம். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு முறை, காலையில், கையால் ஒரு வாளி. வேர்ப்பக்கம் மெதுவாக, குருத்துக்குள் ஊற்றாமல். அதற்குப் பிறகு நான் ஊற்றியதே இல்லை. தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் ரெட்டிக் குழாயை அதன் பக்கம் போகவே விடவில்லை. புல்தரைக்குப் போடும் ஸ்பிரிங்க்ளரின் வீச்சுக்குள் பல்காவை வைப்பவர்கள், வாரம் இரண்டு முறை நடுக் குருத்தை நனைத்து நனைத்து அழுக வைக்கிறார்கள். வறட்சியில் போன கன்றுகளைவிட ஈரத்தில் போனவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வறட்சியை எப்படித் தாங்குகிறது என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே சோதனை நடந்தது. 2021-22 கோடையில் பெர்த்தில் 40 டிகிரி தாண்டிய நாட்கள் 13, அதற்கு முந்தைய சாதனையைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஜனவரியில் தொடர்ந்து ஆறு நாள் அப்படிக் கொதித்தது. எங்கள் முருங்கையே இலையைக் கொட்டிவிட்டு நின்றது. பிறகு 2023 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரல்வரை மழை பெயருக்குக்கூட இல்லை. மலைப்பக்கம் ஜாரா, மாரி மரங்கள்கூடப் பழுப்பாகின, புஷ்ஷில் திட்டுத் திட்டாகக் காய்ந்த காடு தெரிந்தது. எங்கள் பல்காவின் கீழ்வரிசை இலைகள் வழக்கத்தைவிட முன்னதாகக் காய்ந்து தொங்கின. அவ்வளவுதான். குருத்து பச்சை மாறவில்லை.

காய்ந்து தொங்கும் இலைகளை அப்பா காவோலை என்றார். அதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது. காவோலையை வெட்டித் துப்புரவு செய்யலாமா என்று கேட்கிறார்கள். அழகுக்காகச் செய்யலாம், செடிக்குக் கெடுதல் இல்லை. வீட்டுச் சுவரை ஒட்டி நட்டிருந்தால், தீ அபாயம் கருதி எடுத்துவிடுவதே நல்லது. காய்ந்த காவோலை பிடித்தால் சீறி எரியும். எங்கள் செடி வேலியோரம், வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. நான் வெட்டவில்லை. அடியில் ஒரு பாப்டெயில் பல்லி வந்து படுத்திருக்கும். நீல நாக்கை நீட்டிவிட்டு உள்ளே நகர்ந்துகொள்ளும். புஷ்ஷில் குவெண்டா என்னும் சிறு பாலூட்டி, இன்னும் சின்னச் சின்னப் பிராணிகள், சிலந்திகள் எல்லாம் இந்தக் காவோலைக்குள்தான் ஒதுங்குகின்றன. மொட்டையாக நிற்கும் பல்கா எனக்குப் பாதிச் செடியாகவே தெரிகிறது.

தீயைப் பற்றிச் சொல்லாமல் பல்காவைப் பற்றிப் பேச முடியாது. 2019 டிசம்பரில் யான்செப் பக்கம் பெரிய புஷ் தீ. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் எரிந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போனோம். கரிக்கட்டையான அடிமரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் புதுப் பச்சைக் கொத்து. கொத்தின் நடுவிலிருந்து ஈட்டி மாதிரி பூத்தண்டு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஈட்டிகள். தீப்புகையில் உள்ள எத்திலீன் வாயு பூப்பதைத் தூண்டுகிறது, எரிந்த சாம்பலும் வெளிச்சமும் சேர்ந்துகொள்கின்றன. பிசினோடு இறுகிய அந்த இலையடிக் கவசம் தண்டைச் சூட்டிலிருந்து காக்கிறது. பூத்தண்டின் அருகில் போய்ப் பார்த்தால் பழுப்புத் தோலுக்குள்ளிருந்து சின்னச் சின்ன வெண்பூக்கள், நட்சத்திரம் நட்சத்திரமாக, நெருக்கமாக. ஒரு தண்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும். தேன் சொட்டுச் சொட்டாக நிற்கும். தொட்டால் விரல் பிசுபிசுக்கும். தேனீ, எறும்பு, ஈ, தேன்சிட்டு போன்ற ஹனிஈட்டர் பறவை எல்லாம் ஒரே தண்டில். வெயில் படும் வடக்குப் பக்கம்தான் முதலில் மலர்கிறது. தென்கோளத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால். பாதி பூத்த தண்டைப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். என் மகன் அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு பல்காவிடமும் ஓடிப்போய் "அம்மா, இதுதான் வடக்கு" என்று கத்திக்கொண்டிருந்தான்.

இதைக் கேட்டதும் சிலர் வீட்டுச் செடிக்கு கேஸ் டார்ச்சால் தீ வைக்கிறார்கள். பூக்கும் என்பதற்காக, காவோலை போகும் என்பதற்காக. பெரிய செடி அதைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் நகரத்துக்குள் தீ மூட்டுவதற்கு உள்ளாட்சியின் விதிமுறை உண்டு, கோடையில் அறவே கூடாது. அடியில் படுத்திருக்கும் பல்லி என்ன ஆகும்? காட்டுத் தீயில் தானாக நடப்பதை நாம் கையால் செய்து காட்ட வேண்டியதில்லை. தோட்டத்து பல்கா தீயே இல்லாமலும் பூக்கிறது, கொஞ்சம் நாளாகும். எங்களுடையது இன்னும் பூக்கவில்லை.

நூங்கார் மக்களுக்கு இந்தச் செடியில் வீணாகும் பாகம் என்று ஒன்று இல்லை. பிசினைச் சூடாக்கி, கரித்தூளும் கங்காருச் சாணமும் சேர்த்துப் பிசைந்து, கோஜ் என்னும் கற்கோடரியின் கல்லைப் பிடியோடு ஒட்டினார்கள். ஆறினால் கல்லாக இறுகும். காய்ந்த பூத்தண்டைக் கடைந்து நெருப்பு எடுத்தார்கள். பூவைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேன்நீர் குடித்தார்கள். இலை கூரைக்கு. பட்டுப்போன அடிமரத்துக்குள் இருக்கும் பார்டி புழு உணவுக்கு. வெள்ளையர் வந்த பிறகு பிசின் மட்டும் சரக்கானது. வார்னிஷுக்குப் போயிற்று. முதல் உலகப் போருக்கு முன்னால், வெடிமருந்துக்கான பிக்ரிக் அமிலம் எடுக்க ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியும் நடந்தது. பிசினுக்காக எத்தனை முதிய மரங்களைச் சிதைத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதை வெட்டுவதற்கு ஒரு நிமிஷம்.

இப்போதைய எதிரி வேறு. டைபேக் என்று சொல்வார்களே, பைட்டாப்தோரா சின்னமோமி. மண்ணின் ஈரத்தில் நீந்திப் பரவி வேரை அழுக வைக்கும் கிருமி. வெளியிலிருந்து இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தது. பல்கா இதற்கு மிக எளிதாக இரையாகும். எந்தப் புஷ்ஷில் பல்காக்கள் கொத்தாக மஞ்சளாகிச் சாய்கின்றனவோ அங்கே டைபேக் வந்துவிட்டது என்று பார்த்தவுடனே சந்தேகப்படுவார்கள். அது நம் செருப்பிலும் டயரிலும் ஒட்டிக்கொண்டு போகிறது. நடைபாதைத் தொடக்கத்தில் காலணி தேய்க்கும் பிரஷ் வைத்திருப்பது அதற்குத்தான். தயவுசெய்து தேய்த்துவிட்டுப் போங்கள், திரும்பி வரும்போதும் தேயுங்கள். தோட்டத்துக்கும் இதே பாடம். தெரியாத இடத்து மண்ணை, ஓசியில் கிடைக்கும் மூடாக்கை பல்கா பக்கம் கொண்டு வராதீர்கள். இதனாலும் நர்சரியில் சுத்தமான கலவையில் வளர்ந்த சின்னக் கன்று மேல் என்கிறேன். புஷ்ஷிலிருந்து தோண்டிய பெரியது தன் பழைய மண்ணையும் கூடவே கொண்டுவருகிறது.

இன்னொன்று, மாவுப்பூச்சி. குருத்தின் அடியில் பஞ்சு போல வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். தண்ணீர் தேங்கியோ வேர் அடிபட்டோ சோர்ந்த செடியில்தான் பெரும்பாலும் வரும். குழாயால் பீய்ச்சிக் கழுவி, செடி ஏன் சோர்ந்தது என்று பாருங்கள்.

வாங்குவதைவிட எனக்கு இப்போது பிடித்தது விதை போடுவது. தெருக்கோடி வீட்டில், வீடு கட்டும்போது வெட்டாமல் விட்ட பழைய பல்கா ஒன்று இருக்கிறது. அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு, பூத்து முடிந்த தண்டு காய்ந்ததும் ஒரு முழம் வெட்டி வந்தேன். புஷ்ஷிலோ பூங்காவிலோ பறிக்கக் கூடாது, அதற்கும் உரிமம் வேண்டும். தண்டு முழுக்கக் கூரான சின்னக் காய்கள். காகிதப் பைக்குள் போட்டுத் தட்டினால் கறுப்பு விதைகள் உதிர்கின்றன. தட்டையாக, தோல் கெட்டியாக, மினுமினுப்பாக. புகை, வெந்நீர் என்று எதுவும் செய்ய வேண்டியதில்லை. புது விதையாக இருந்தால் போதும். பருமணலும் பாட்டிங் மிக்ஸும் கலந்த தட்டில், விதையின் கனத்துக்கு மேலே மண் மூடி, ஈரம் காயாமல் வைத்தால் சில வாரங்களில் ஒற்றை ஊசியாக எட்டிப் பார்க்கும். ஒரே நேரத்தில் வராது, ஒவ்வொன்றாக வரும். முளைக்காததைத் தோண்டிப் பார்க்காதீர்கள். இரண்டு, மூன்று இலை வந்ததும், ஆழமான குறுகிய தொட்டிக்கு மண்ணோடு அள்ளி மாற்ற வேண்டும். அகலத் தொட்டியைவிட ஆழத் தொட்டிதான் இதற்கு.

பின்கட்டில் இப்போது ஒரு தட்டு நிறைய நிற்கின்றன, ஒவ்வொன்றும் விரல் நீளம். என் கணவர் அவற்றைக் கோரை என்று நினைத்துப் பிடுங்கிவிடக் கூடாதே என்று தட்டில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த ஜெரானில் எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஒன்று, அந்தப் பழைய இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நடச் சொல்லியிருக்கிறேன். விதை தந்த அம்மாவுக்கு இரண்டு. மீதி கேட்பவர்களுக்கு. பெர்த்தில் இருந்து, வெயில் விழும் ஓர் இடமும், ஸ்பிரிங்க்ளரைத் தள்ளி வைக்க மனசும் இருந்தால், ஏப்ரலில் வந்து எடுத்துப் போங்கள். ஆழமான தொட்டி ஒன்று மட்டும் கொண்டு வாருங்கள், என்னிடம் இருப்பவை தீர்ந்துவிட்டன.